தாத்தா பிறந்த லயத்தைத் தேடி: மலையகம் போகும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று முடிவாயிற்று. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இலங்கைக்கு மனு போட்டார், தம்பி இந்தியாவுக்குப் போட்டார். தம்பி வீட்டார் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று குடியேறினார்கள். அந்தத் தம்பிகளின் பேரப்பிள்ளைகள் இப்போது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டையும் தாத்தா பிறந்த லயத்தையும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தேடிப் போகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

இத்தகைய பயணம் வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: "ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம்" என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல் கிளம்புவது. ஹட்டன் பக்கம் எத்தனையோ தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் பல டிவிசன்கள் (தோட்டத்தின் உட்பிரிவுகள்). தோட்டத்தின் பெயரும் டிவிசனும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை இங்கே இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாள்கள்

முதலில் தேட வேண்டியது குடும்ப அட்டை. தாயகம் திரும்பியவர்களுக்கு இலங்கையில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. குடும்பத் தலைவர் பெயர், கூட வந்தவர்களின் பெயர், வயது எல்லாம் அதில் உண்டு. வீட்டில் இல்லையென்றால் அப்படியே விட்டுவிட வேண்டாம். தாத்தாவோ பாட்டியோ டேன்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்திருந்தால் வேலையில் சேரும்போது கொடுத்த நகல் பணியாளர் கோப்பில் இருக்கக்கூடும். தாயகம் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் உறுப்பினராகவோ கடன் வாங்கியோ இருந்தால் அங்கேயும் கேளுங்கள். வீட்டுக் கடன், வியாபாரக் கடன் எல்லாவற்றுக்கும் அந்த அட்டையைத்தான் காட்டினார்கள்.

அடுத்தது பழைய பாஸ்போர்ட். அதைவிடப் பயன் தருவது பலர் குப்பையென்று ஒதுக்கும் நீல நிற வான்கடிதங்கள். இங்கே வந்த பிறகு அண்ணன் எழுதிய கடிதத்தின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி இருக்கும்: பெயர், டிவிசன், தோட்டம், தபால் ஊர் என்ற வரிசையில். தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முகவரி அழிந்திருந்தாலும் முத்திரை தபால் நிலையத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தேட வேண்டிய தோட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறையும். கல்யாணப் பத்திரிகை, சாவுத் தந்தி, பள்ளிக்கூடச் சான்றிதழ் ஆகியவையும் இதே வகையில் உதவும். மிகப் பழைய குடும்பங்களில் ஒரு தகர வில்லை அகப்படலாம். தொழிலாளர்கள் கடல் கடந்தபோது எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்பதைக் குறிக்க, எழுத்தும் எண்ணும் துளைத்துக் கொடுத்த 'தகர டிக்கெட்' அது. அதைத் தேய்த்து மெருகேற்றாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும் விதம்

"எந்தத் தோட்டம் பாட்டி?" என்று நேராகக் கேட்டால் சில நேரம் பதில் வராது; வந்தாலும் வரைபடத்தில் இல்லாத பெயராக இருக்கும். சுற்றிவளைத்துக் கேளுங்கள். சாமான் வாங்க எந்த டவுனுக்குப் போவீர்கள்? இந்தியாவுக்கு வரும்போது எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினீர்கள்? கொழுந்து எந்த ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை) போகும்? பெரிய கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்) பேர் என்ன? கணக்கப்பிள்ளை யார்? பிரட்டுக்களத்திலிருந்து (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) பார்த்தால் ஆறு தெரியுமா, அணை தெரியுமா, சிவனொளிபாதமலை தெரியுமா? கோயில் மாரியம்மனா முருகனா, தேர் எந்த மாதம்? ரயில் ஸ்டேஷனும் சந்தை டவுனும் தெரிந்துவிட்டால் ஒரு பள்ளத்தாக்குக்குள் வந்துவிடுவீர்கள்.

அவர்கள் சொல்லும்போதே போனில் பதிவு செய்யுங்கள். பெயர்களைத் திருத்தாமல் அவர்கள் உச்சரித்தபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. ஒரே தோட்டத்துக்கு மூன்று பெயர்கள் இருக்கலாம்: துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) வைத்த ஆங்கிலப் பெயர், நம் ஆட்கள் வாயில் வழங்கிய பெயர், சிங்கள ஊர்ப்பெயர். பாட்டி 'லபுக்கலை' என்பார். ஆங்கிலப் பலகையில் 'லபுக்கெலி' என்று இருக்கும். இது எளிது. ஆனால் 'பெரியமலை', 'புதுத்தோட்டம்' போன்ற பெயர்களை அந்தப் பகுதிக்காரர் ஒருவரால்தான் ஆங்கிலப் பெயரோடு பொருத்த முடியும். 'மேற்கணக்கு', 'கீழ்க்கணக்கு' என்று சொன்னால் டிவிசனைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலப் பெயர் கிடைத்ததும் பழைய பெர்குசன் டைரக்டரியில் பாருங்கள். மாவட்டவாரியாகத் தோட்டங்கள், பரப்பளவு, உரிமையாளர், துரை பெயர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கின்றன. பெரிய நூலகங்களிலும், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பழைய பதிப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டம் இன்னும் இருக்கிறதா?

டிக்கெட் போடும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கம் பல தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரித்துக் கிராமத்தாருக்குக் கொடுக்கப்பட்டன. அங்கே லயம் இருந்த தடம்கூட இல்லாமல் போயிருக்கலாம். சில இடங்கள் தண்ணீருக்குள் இருக்கின்றன. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் வந்தது. 1969இல் மவுசாகலை வந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் கட்டடம் வெளியே தெரியும். கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் வந்தது. உங்கள் பாட்டி சொல்லும் மஸ்கெலியா கடைத்தெரு இன்றைய கடைத்தெரு அல்ல என்பதைப் போகும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

உறவினர்கள் அதே தோட்டத்தில்தான் இருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு ஏராளமான மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையகமெங்கும் மண் சரிந்தது. அதில் வீட்டை இழந்து இடம் மாறியவர்கள் இருக்கிறார்கள். பழைய முகவரிக்கு நேராகப் போய் நிற்பதற்குப் பதில், அந்தத் தோட்டத்துக் கோயில் நிர்வாகத்துக்கோ பள்ளிக்கூட அதிபருக்கோ முன்கூட்டி ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். தாத்தாவின் பெயரையும் அவர் அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே டிவிசனில் நான்கு ராமசாமி இருப்பார்கள்.

பதிவேட்டில் தேடுவது

இலங்கையில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. நகல் பிரதேச செயலகத்தில் (நம் தாலுகா அலுவலகம் போன்றது) கிடைக்கும். 1960க்குப் பிந்தைய பதிவுகளுக்கு எந்தப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முந்தையவை என்றால் அந்தந்த மாவட்டத்துக்கே போக வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் அண்மை ஆண்டுகளில் பிரதேச செயலகங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பழைய ஏடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

விண்ணப்பத்தில் பதிவு எண்ணும் தேதியும் இருந்தால் வேலை சுளுவு. இல்லையென்றால் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை தேட வேண்டும் என்று கொடுக்க வேண்டும். ஆகவே வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் ஏதாவது ஒரு நிகழ்ச்சியோடு கட்டுங்கள்: பெரியண்ணனுக்கு அடுத்தது, காசல்ரீ அணை கட்டிய சமயம் என்பது போல. கவுன்டரில் 'தோட்டப் பிறப்பு' என்று தெளிவாகச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிறப்பு இறப்புகளைத் துரைதான் மாவட்டப் பதிவாளருக்கு அறிவித்தார். அவற்றுக்கு ஏடு தனி. ஊர்ப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு "இல்லை" என்று சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு.

பெயர் எழுத்துதான் பெரிய தொல்லை. வெள்ளைக்காரத் துரையும் கிளாக்கரும் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். கருப்பன், கருப்பாயி, கந்தசாமி போன்ற பெயர்களை 'கே' எழுத்தில் மட்டும் தேடக் கூடாது. பழைய ஏடுகளில் 'சி' எழுத்தில் இருக்கும். சின்னசாமி 'எஸ்'ஸிலும் இருக்கலாம், 'சி'யிலும் இருக்கலாம். முத்தையா, முத்து போன்றவற்றில் உயிரெழுத்து இரட்டித்து வரும். போகும் முன்பே ஒவ்வொரு பெயருக்கும் மூன்று நான்கு ஆங்கில எழுத்துவடிவங்கள் எழுதி ஒரு தாளில் வைத்திருங்கள். வேலை மும்முரத்தில் இருக்கும் அலுவலர் அதைப் பார்த்ததும் உதவ முன்வருவார்.

நகல் கிடைத்தால் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். தகப்பனார் பிறந்த இடம், தொழில், இனம் என்ற கட்டங்களைப் பாருங்கள். அதற்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம்; பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருக்கு இன்னொரு கட்டம். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழியில் தலைமுறைச் சான்று கேட்டதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய கட்டங்கள் அவை. தோட்டத்துப் பிள்ளைகளின் சான்றிதழில் பெரும்பாலும் அங்கே ஒரு கோடு கிழித்திருப்பார்கள். அப்படிப்பட்ட தலைமுறைச் சான்று காட்ட முடியாமல்தான் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் ஒரே தாளில் இரண்டு தலைமுறை கிடைத்துவிட்டது.

தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பேர், சம்பளப் பதிவேடு) கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்டுப் பார்க்கலாம், நம்பிப் போக வேண்டாம். தனியார் கம்பெனியிடமிருந்து அரசுக்கு, 1992இல் மறுபடி கம்பெனிகளுக்கு என்று கை மாறியதில் ஏராளமான ஏடுகள் தொலைந்தன.

பயண ஏற்பாடு

இலங்கையில் பிறந்த பெரியவரை அழைத்துப் போவதானால் பாஸ்போர்ட் வேலையை ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குங்கள். பிறந்த இடம் இலங்கை என்று இருப்பதால் இந்தியக் குடியுரிமைக்குச் சான்று கேட்பார்கள். குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ் எது இருந்தாலும் மூலத்தோடு போங்கள். நம் ஆட்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விமான டிக்கெட்டிலும் இலங்கைக்குள் நுழைய இணையத்தில் பெறும் ஈ.டி.ஏ. அனுமதிப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரே மாதிரி நிரப்புங்கள். இரண்டும் வேறுபட்டால் செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். ஈ.டி.ஏ.யை இலங்கை அரசின் தளத்திலேயே எடுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் கூடுதலாகக் கறக்கும். கட்டண விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். தங்கும் முகவரியாக லயத்து முகவரியை எழுதாமல் லாட்ஜ் முகவரியை எழுதினால் கேள்வி குறைவு.

உறவினர் மலையகத்தில் என்றால் சென்னை, திருச்சி, மதுரை எங்கிருந்தாவது கொழும்புக்கு விமானம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் வடக்கில் இறக்கிவிடும். அங்கிருந்து ஹட்டன் போவது தனியாக ஒரு நாள் பயணம், வடகிழக்குப் பருவமழையில் கப்பல் நின்றும் போகும். வவுனியா, கிளிநொச்சி உறவுகளுக்குத்தான் அந்த வழி பொருந்தும், அல்லது சென்னை–யாழ்ப்பாணம் விமானம்.

கட்டுநாயக்காவிலிருந்து ஹட்டனுக்கு அவிசாவளை, கித்துல்கலை வழியாக வேனில் நாலைந்து மணி நேரம். வளைவுகள் அதிகம், வாந்தி வரும் பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வையுங்கள். ரயில் அழகானது, ஆனால் பதிவு இருக்கைகள் 30 நாள் முன்பு திறந்ததுமே தீர்ந்துவிடும். மண்சரிவால் பாதை மூடும் பழக்கமும் உண்டு, ஆகவே புறப்படும் வாரத்தில் விசாரியுங்கள். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்க வேண்டும்.

காலம்: ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். பதுளை, பசறைப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரிவரை நனையும். பிப்ரவரி, மார்ச் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. மாசியில் போனால் காமன்கூத்தும் (மன்மதன் கதையை ஆடும் கூத்து) பார்க்கலாம். ஏப்ரல் நடுவில் புத்தாண்டு. கடைகள் அடைத்திருக்கும், பஸ் குறையும், நுவரெலியாவில் அறை வாடகை ஏறும். பௌர்ணமிதோறும் போயா விடுமுறை, அரசு அலுவலகம் இல்லை. உறவினர் கொழுந்தெடுப்பவர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். வேலை நாளில் உங்களுக்காக அவர்கள் பேர் போடாமல் (வேலைக்குப் பதியாமல்) நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. பதிவேடு, தோட்ட ஆபீஸ் வேலைகளை வார நாளில் வையுங்கள்.

தங்குவது, கொடுப்பது

பழைய லயத்து வீடு என்பது 10 அடிக்கு 12 அடி காம்பரா (அறை) ஒன்று, ஓர் இஸ்தோப்பு (முன்திண்ணை). "இங்கேயே தங்குங்கள்" என்று மனதார வற்புறுத்துவார்கள். ஆறு பேர் போய் இறங்கினால் அவர்கள் பக்கத்து வீட்டில் படுப்பார்கள், கடன் வாங்கிச் சமைப்பார்கள். டவுனில் அறை எடுத்துக்கொண்டு பகல் முழுக்க அவர்களோடு இருங்கள். பெரியவர் மட்டும் ஓரிரவு அங்கே தங்க ஆசைப்பட்டால் தங்கட்டும். கம்பளி, மாத்திரை, டார்ச் கொடுத்தனுப்புங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இரவில் 10 டிகிரிக்கும் இறங்கும். கோத்தகிரிக்காரருக்குப் பழக்கம்தான், திருச்சியில் வளர்ந்த பிள்ளைக்கு இல்லை.

முதல் நாளே அரிசி, பருப்பு, பால்மா, கோழி என்று அங்கே டவுனிலேயே வாங்கி வண்டியில் ஏற்றிப் போங்கள். பணமாகக் கொடுப்பதானால் எல்லார் முன்பும் ஒருவர் கையில் கொடுக்காமல், வீட்டுக்கு மூத்த பெண்ணிடம் தனியாகக் கொடுப்பது நல்லது. கிளை கிளையாகப் பிரிந்த குடும்பத்தில் பிறகு மனக்கசப்பு வரும் இடம் இதுதான். இங்கிருந்து கொண்டுபோக ஏற்றவை: நூல் சேலை, வேட்டி, கோயிலுக்கு விளக்கு, விபூதி, குங்குமம். எல்லாவற்றையும்விட அவர்கள் விரும்புவது இந்தியா வந்த பிறகு இறந்தவர்களின் படங்கள். பிரின்ட் போட்டுக் கொண்டுபோங்கள், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பிரதி. வந்தவர்களுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் (காரத் துவையல்) சாயத்தண்ணியும் (பால் சேர்க்காத தேநீர்) வரும். சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும். சைவக்காரர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்துக்குள் போகும் நாள்

தோட்டம் கம்பெனி நிர்வாகத்தில் இருக்கிறது. உறவினரோடு லயத்துக்குப் போவதை யாரும் தடுக்க மாட்டார்கள். மலைக்குள் சுற்றவும் ஸ்டோருக்குள் போகவும் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பார், அவரை முன்வைத்துப் போனால் கதவு திறக்கும். ட்ரோன் பறக்கவிட அனுமதி தனியாக வேண்டும். வேண்டாமென்று விடுவதே நல்லது.

முதலில் பார்க்க வேண்டியவர்கள் மூன்று பேர்: கோயில் பூசாரி, வேலையிலிருந்து நின்றுவிட்ட வயதான கங்காணி, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) நெடுநாள் இருந்த ஆயம்மா. ஆயம்மாவுக்கு யார் பிள்ளை யார் என்பது தலைகீழ்ப் பாடம். உங்கள் தாத்தா பெயரைச் சொல்லி விசாரிக்கும்போது பட்டப்பெயரையும் சொல்லுங்கள். பதிவுப் பெயரை மறந்தவர்கள்கூட "நொண்டிக் கங்காணி மகனா?" என்று கேட்டு வீட்டைக் காட்டிவிடுவார்கள். லயத்தின் எண்ணையும் எத்தனையாவது காம்பரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொழுந்து மடுவம் (கொழுந்தை நிறுக்கும் கொட்டகை), பிரட்டுக்களம், கோயில் மூன்றிலும் நின்று போனில் இடக்குறியீட்டைச் சேமியுங்கள்.

சமாதி விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். துரைமார் கல்லறையில் பெயர் வெட்டிய கல் இருக்கும். தொழிலாளியைப் புதைத்த இடத்தில் பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் அதன்மேலேயே மறுநடவு செய்த தேயிலை வளர்கிறது. "இந்தச் சரிவுதான்" என்று பூசாரி கை காட்டுவார். சூடம் ஏற்றிக் கும்பிட அதுவே போதும். மழை நாளில் காலில் அட்டைப்பூச்சி ஏறும். காலுறைக்கு மேல் சோப்புத் தடவிக்கொள்ளுங்கள், உப்பு கையில் வைத்திருங்கள்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னவென்று விளங்க, திரும்பும் வழியில் கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் துரைமார் காலத்தையும் காட்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கம்பளைக்கே போங்கள்.

திரும்பும்போது

தோட்டத்து மண்ணில் ஒரு பிடியோ தேயிலைக் கன்றோ எடுத்துவரப் பலருக்கு ஆசை. மண்ணை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது, கன்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றும் அனுமதியும் வேண்டும். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். தேயிலைத்தூள் வாங்கி வாருங்கள், முடிந்தால் அதே தோட்டத்து ஸ்டோரில்.

ஊர் வந்த முதல் வாரத்திலேயே, நினைவு மங்கும் முன், எடுத்த படங்களுக்கெல்லாம் பெயர், உறவுமுறை, தோட்டம், டிவிசன், தேதி எழுதி முடியுங்கள். "மாமா, ஹட்டன்" என்று மட்டும் எழுதிய படத்தை அடுத்த தலைமுறை படிக்க முடியாது. குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, கடிதங்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து இரு நாட்டு வீடுகளுக்கும் அனுப்புங்கள். அங்கே இருப்பவர்களில் சிலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகுதான் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு அவர்களிடம் தாள் எதுவும் இல்லாமலிருக்கலாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் நகல் அவர்கள் பிள்ளைகளுக்கும் வேண்டியது.